சரக்கில்லாத வண்டிகள்

ஐஸ் பிளாண்ட்டில் ஒருத்தி ஐஸ் தின்றால் யார் கண்ணில் படும்? உப்பளத்தில் உப்புத் திருடுகிறவளைப் பிடிப்பதற்குச் சமம் அது. பிளாண்ட்டின் பின்கட்டில், உடைக்கும் மிஷினின் வாயோரம் சிதறும் சில்லுகளை மருமகள் மாதக்கணக்காகப் பொறுக்கிக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். ஐஸ் பாரைக் கொக்கி போட்டு இழுக்கும் ஆட்களும் மீன் வண்டிக்காரர்களும் அவளைத் தாண்டித்தான் போய் வந்தார்கள். ஒருவரும் கவனிக்கவில்லை.

கவனித்தது மாமியார் மட்டும்தான்.

ஊரே 'ஐஸ்காரம்மா' என்று கூப்பிடும் அந்த அம்மாளுக்கு, ஒரு பாரின் ஓரம் விரல்கடை உருகியிருந்தாலும் வாசலில் நின்றே சொல்லிவிடுகிற கண். போன வாரம் அந்தக் கண் மருமகளின் உப்பிய கன்னத்தில் வந்து நின்றது. நின்றதும் உள்ளே ஒரு தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. அந்தக் குடும்பத்தில் ஒரு நம்பிக்கை உண்டு: வீட்டுப் பெண் ஐஸைக் கடிக்க ஆரம்பித்தால் தொட்டிலுக்குச் சொல்லிவிட வேண்டியதுதான். மகனைச் சுமந்தபோது ஐஸ்காரம்மா வாளி வாளியாகக் கடித்தவள். அவளுடைய நாத்தனாரும் அப்படியே. மகன் கப்பலிலிருந்து விடுப்பில் வந்து போயும் சில மாதங்கள்தான் ஆகின்றன. எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. இதற்கு மேல் மருமகளை வேறு எதற்குக் கேட்பது? போனை எடுத்து நேரே மகனுக்கு அடித்துவிட்டாள்.

"டேய், நீ அப்பன் ஆகப் போறேடா!"

மருமகளின் வாய் நிறைய ஐஸ். 'ஐயோ, அதெல்லாம் இல்லை அத்தை' என்று சொல்ல வாயைக் காலி செய்வதற்குள் போன் அவள் காதுக்கு வந்துவிட்டது. அந்தப் பக்கம் அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

அந்தச் சிரிப்புத்தான் வினை. 'சாப்டியா', 'சரி', 'வைக்கவா' என்ற மூன்று வார்த்தைகளில் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தவன் அவன். பழைய மிஷினை மாற்ற வேண்டும் என்றான், அம்மா முடியாது என்றாள், இருவரும் மல்லுக்கு நின்றார்கள், அவன் கப்பலில் குளிர்பதன மெக்கானிக்காக ஏறிப் போய்விட்டான். போனது அம்மாமேல் வைத்த கோபத்தில். வாட்டம் கண்டது மனைவி. இப்போது காதுக்குள் அதே சிரிப்பு, கல்யாணமான புதிதில் கேட்டது. வாயில் ஐஸ் கரைந்தது. சொல்ல வேண்டியிருந்த 'இல்லை'யும் அதோடு கரைந்து தொண்டைக்குள் இறங்கிவிட்டது.

வாரம் முழுக்க அவள் அதை விழுங்கிக்கொண்டே இருந்தாள்.

இன்று காலை அவன் மறுபடி கூப்பிட்டான். கப்பல் ஏதோ ஒரு துறைமுகத்தில் நிற்கிறது, மாலையில் கிளம்புகிறது. அவனுக்குப் பதிலாக ஏற ஓர் ஆள் அங்கே தயாராக இருக்கிறான்.

"இன்னிக்கு டாக்டர்கிட்ட காட்டிடுங்கம்மா. அவங்க ஆமான்னு சொன்னா நான் இங்கேயே இறங்கிடறேன். இந்தத் தடவை விட்டா அடுத்த வருஷம்தான் கரையைப் பார்ப்பேன்."

"காட்டறதுக்கு என்னடா இருக்கு, நானே பெரிய டாக்டர்" என்றாள் ஐஸ்காரம்மா. ஆனாலும் நல்ல புடவையாகப் பார்த்து உடுத்திக்கொண்டாள்.

மாடியிலிருந்து இறங்கி வந்த மருமகள் கடைசிப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இறங்குவதற்கே மூச்சு வாங்கியது.

"பாரு, பாரு, இப்பவே மூச்சு முட்டுது. பையன்தான். என்னைப் படுத்தினவனும் இப்படித்தான் படுத்தினான்."

"அத்தை, நான் ஒண்ணு சொல்லணும்…"

"வண்டில ஏறிச் சொல்லு. இங்க நின்னா மீன்காரனுங்க கடன் கேப்பானுங்க."

வண்டி என்றால், ஐஸ் கொண்டுபோகும் சிறிய வேன். ஓட்டுவது ஐஸ்காரம்மாவேதான். டிரைவர் வைத்தால் பிரேக்கை அதிகம் மிதிக்கிறான் என்பது அவளுடைய நெடுநாள் புகார். ஏறி உட்கார்ந்ததும் ஹாரனை அவள் அழுத்திய அழுத்தில் மருமகள் சொல்ல நினைத்ததெல்லாம் தெருவோடு போயிற்று.

*

டாக்டரம்மா கெட்டிக்காரி. மருமகள் உள்ளே நடந்து வந்த நடையை ஒரு பார்வை, முகத்தை ஒரு பார்வை. பிறகு கிட்டே இழுத்து உட்காரவைத்துக் கீழ் இமையை விரலால் இறக்கிப் பார்த்தார். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெள்ளைத் துணி மாதிரி இருந்தது.

"ஐஸ் திங்கறீங்களா?"

மருமகள் திடுக்கிட்டாள். மாமியார் மலர்ந்தாள்.

"அப்படிக் கேளுங்க! நான் சொன்னா என் மகன் சிரிக்கிறான். ஐஸ் கடிச்சா எங்க வீட்ல ஒரே அர்த்தம்தான் டாக்டர்."

"எங்க வீட்லயும் ஒரே அர்த்தம்தான்மா. ஆனா அது வேற" என்ற டாக்டர், ரத்தமும் சிறுநீரும் கொடுத்துவிட்டு வெளியே உட்காரச் சொன்னார்.

வெளியே பெஞ்சு. எதிரே மின்விசிறி ஒன்று, வேலை செய்ய இஷ்டமில்லாத குமாஸ்தா போலத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஐஸ்காரம்மா பக்கத்தில் இருந்த கர்ப்பிணியிடம் எத்தனையாவது மாதம், எந்தப் பக்கம் படுக்கிறாய் என்றெல்லாம் விசாரித்து, கேட்காத ஆலோசனையைத் தாராளமாக வழங்கிக்கொண்டிருந்தாள். மருமகளுக்கு அந்தப் பெண்ணின் வயிற்றிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. அவளுடைய கணவன் ஒரு கையால் அவள் பையைப் பிடித்திருந்தான். இன்னொரு கை, யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில், அவள் முழங்கைமேல் இருந்தது.

பை பிடிக்க ஓர் ஆள். மருமகளுக்கு அது போதும் போலிருந்தது.

மறுபடி கூப்பிட்டபோது டாக்டரின் மேஜையில் காகிதங்கள் வந்திருந்தன.

"குழந்தை இல்லை" என்றார் அவர், நேராக. "அது முதல்ல. ரெண்டாவது, ரத்தமும் இல்லை. ஹீமோகுளோபின் பன்னெண்டாவது இருக்கணும். இவங்களுக்கு ஆறரை."

ஐஸ்காரம்மா முதல் செய்தியைக் காதில் வாங்க மறுத்து, இரண்டாவதைப் பிடித்துக்கொண்டாள். பேரம் பேசிப் பழகிய நாக்கு, அதுவாகவே ஓடியது.

"பன்னெண்டுன்னு நீங்க சொல்றீங்க. ஒரு ஒன்பது இருந்தாப் போதாதா? எட்டரைக்கு முடிச்சுக்கக் கூடாதா?"

"நான் விக்கலைம்மா. உடம்பு கேட்குது."

"மூணு மாசம் வேணா கழிச்சுப் பார்க்கலாம். சிலதுக்கு லேட்டாத்தான் தெரியும்…"

"அம்மா." டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "நீங்க வியாபாரம் பண்றவங்க. வியாபாரமாவே சொல்றேன், கேளுங்க. ரத்தம் சிவப்பா இருக்கறதுக்குக் காரணம் இரும்பு. சாப்பாட்டுல இருந்து குடல் வழியா உள்ள வருது. ஆனா இரும்பு உள்ள தனியா சுத்தக் கூடாது. சுத்தினா தொட்டதையெல்லாம் அரிச்சுடும்."

"ரவுடிப் பய மாதிரி."

"அதேதான். அதனால ரத்தத்துல ஒரு புரதம் மூடின வண்டி மாதிரி அதை ஏத்திக்கிட்டுப் போகுது. ஒரு வண்டிக்கு ரெண்டே ரெண்டு அணு. அதுக்கு மேல ஏத்தாது."

"ரெண்டுக்கு ஒரு வண்டியா? கட்டுப்படியாகுமா?" என்றாள் ஐஸ்காரம்மா. குரலில் உண்மையான கவலை.

"வண்டிங்க கோடிக்கணக்குல இருக்கும்மா, கட்டுப்படியாகும். அதுங்க நேரா எலும்புக்குள்ள இருக்கற மஜ்ஜைக்குப் போகும். அங்கதான் பட்டறை. ரத்த அணுவாகப் போற பிஞ்சுங்க எல்லாம் வாசல்ல கையை நீட்டிக்கிட்டு நிக்கும். வண்டியை உள்ள இழுத்து, சரக்கை இறக்கிட்டு, வெறும் வண்டியைப் பத்திரமாத் திருப்பி அனுப்பிடும். அப்புறம் ஒரு சின்ன வளையம் கட்டி, நடுவுல ஒரே ஒரு இரும்பை உட்கார வைக்கும். அந்த மாதிரி நாலு வளையம், நாலு புரதச் சங்கிலி, எல்லாம் ஒண்ணாச் சுருண்டா ஒரு ஹீமோகுளோபின். நாம இழுக்கற மூச்சு அந்த இரும்பு மேல உட்கார்ந்துதான் கால் விரல் வரைக்கும் போகுது. இரும்பு இல்லையா, மூச்சு உட்கார இடம் இல்லை. அதான் இவங்க நாலடி நடக்கவே மூச்சு வாங்கறாங்க."

ஐஸ்காரம்மா மருமகளைத் திரும்பிப் பார்த்தாள். பையன்தான் என்று காலையில் சொன்னது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அப்போ ஐஸ்? என் மகனைச் சுமந்தப்ப நானும் வாளி வாளியாக் கடிச்சேனே?"

"இரும்பு குறைஞ்சா சிலருக்கு அந்த ஆசை வரும். சிலருக்கு மண்ணு, சிலருக்குச் சாக்பீஸ். ஏன்னு இன்னும் யாருக்கும் முழுசாத் தெரியல. உங்களுக்கு ஏன் வந்துச்சு தெரியுமா? வயித்துல இருந்த உங்க மகன் உங்க இரும்பையெல்லாம் எடுத்துக்கிட்டான். நீங்க ஐஸ் கடிச்சது பிள்ளைக்காக இல்லம்மா. இரும்பு இல்லாம."

இத்தனை வருஷம் கட்டிக் காத்த குடும்ப ரகசியம் ஒரு நொடியில் வெறும் சில்லறையாக மாற்றப்பட்டு மேஜைமேல் வைக்கப்பட்டுவிட்டது. ஐஸ்காரம்மா கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள்.

"சரி. அந்தப் பட்டறையில தேய்மானம் எவ்வளவு?"

டாக்டர் முதல் தடவையாகச் சிரித்தார். "சரியான கேள்வி. தேய்மானமே கிடையாது. ஒரு சிவப்பணு நாலு மாசம் உழைக்கும். அப்புறம் மண்ணீரல்ல அதை உடைச்சு, இரும்பை மட்டும் பிரிச்செடுத்து, மறுபடி வண்டியில ஏத்தி அதே பட்டறைக்கு அனுப்பிடும். மீதி இருந்தா கல்லீரல்ல இருக்கற கிடங்குக்கு. தினம் வெளியில இருந்து வாங்கறது ரொம்பக் கொஞ்சம்."

"பழைய இரும்புக் கடை!" ஐஸ்காரம்மாவுக்குப் பிடித்துப்போனது. உடம்பு என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும். "அப்போ வெளியே போக வழியே இல்லையா?"

"பெரிசா இல்லை. ரத்தம் வெளியே போனாத்தான் உண்டு."

ஐஸ்காரம்மாவின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. சரக்கு குறைகிறது, தேய்மானம் இல்லை என்றால் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி எது என்று வியாபாரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் டாக்டரைப் பார்க்கவில்லை. மருமகளைப் பார்த்தாள்.

டாக்டரும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார். "மாசா மாசம் எப்படி?"

மருமகள் முந்தானையை விரலில் சுற்றினாள். "அதிகமாத்தான்… ரொம்ப நாளா. நிக்கவே மாட்டேங்குது. போன வாரம்கூட."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொல்றதுக்கு ஆள் இல்ல" என்றாள் அவள். குற்றம் சொல்லும் குரலில் இல்லை. கடையில் ஒரு பொருள் தீர்ந்துவிட்டது என்று சொல்வதைப் போலச் சொன்னாள்.

டாக்டர் எழுத ஆரம்பித்தார். வயிற்றை ஸ்கேன் எடுக்க வேண்டும், கர்ப்பப்பையில் கட்டி இருக்கலாம், பயப்பட வேண்டாம், பெரும்பாலும் சாதாரணக் கட்டிதான். மாத்திரைக்குக் காத்திருக்க நேரமில்லை, நாளையே இரும்பை ஊசி வழியாக ஏற்றிவிடலாம். எழுதிக்கொண்டே, காகிதத்தில் ஒரு வரியைத் தட்டிக் காட்டினார்.

"இதைப் பாருங்க. கிடங்கு துடைச்சு வெச்ச மாதிரி காலி. ஆனா வண்டிங்க மட்டும் வழக்கத்தைவிட அதிகம்."

"சரக்கே இல்லாதப்ப எதுக்கு வண்டி?" என்றாள் ஐஸ்காரம்மா. குரல் எங்கேயோ இருந்தது.

"அதான் உடம்பு. இரும்பு குறையக் குறைய, கல்லீரல் புதுசு புதுசா வண்டி செஞ்சு அனுப்பும். எங்கேயாவது ஒரு பொட்டு கிடைச்சுடாதான்னு. வெறும் வண்டியாவே சுத்திச் சுத்தி வரும்."

மருமகள் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். வெளுத்துக் கிடந்தது. அதற்குள் கோடிக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளை அவள் உடனே நம்பினாள். அவற்றை அவளுக்கு ரொம்ப நாளாகத் தெரியும்.

*

திரும்பி வரும் வழியில் ஐஸ்காரம்மா ஹாரனே அடிக்கவில்லை. அந்த வேனுக்கு அது புதிது. குறுக்கே வந்த சைக்கிள்காரன் திட்டு வாங்கத் தயாராக முகத்தை வைத்துக்கொண்டு நின்றுவிட்டு, ஒன்றும் வராததால் ஏமாந்து போனான்.

சிக்னலில் வண்டி நின்றது.

"உனக்குத் தெரியும்."

"ம்."

"நான் அவனுக்குப் போன் போட்டப்பவே உனக்குத் தெரியும்."

"ம்."

"வாயைத் திறந்து சொல்றதுக்கு என்னடி?"

"வாயில ஐஸ் இருந்துச்சு அத்தை."

"ஒரு வாரமாவா இருந்துச்சு?"

சிக்னல் பச்சையாயிற்று. பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான். ஐஸ்காரம்மா நகரவில்லை.

"அவர் சிரிச்சாரு" என்றாள் மருமகள், கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி. "எப்படி இருக்கேன்னு கேட்டாரு. உடம்பைப் பார்த்துக்கோன்னாரு. என் குரல் கேக்கறதுக்காகவே ஒரு நாள் கூப்பிட்டாரு. அதை எப்படி அத்தை நானே நிறுத்தறது?"

பின்னால் இருந்தவன் இன்னும் பலமாக அடித்தான். ஐஸ்காரம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "பறந்து போடா! மேல இடம் காலியாத்தான் இருக்கு!" என்று ஒரு சத்தம் போட்டாள். அது அவளுக்குக் கொஞ்சம் தெம்பைக் கொடுத்தது. வண்டியை ஓரங்கட்டி, என்ஜினை அணைத்தாள்.

"இங்க பாரு. என்கிட்டயும் அவன் 'ம்' தான். ரெண்டு வருஷமா. இன்னிக்குக் காலையிலதான் அம்மான்னு கூப்பிட்டான், கவனிச்சியா? 'டாக்டர்கிட்ட காட்டிடுங்கம்மா'ன்னான். அந்த ஒரு 'அம்மா'வுக்காக நான் கப்பலையே விலைக்கு வாங்குவேன்." மூக்கை உறிஞ்சினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். மொத்த வியாபாரி ஒதுக்குப்புறமாக அழைத்துப் பேசும் குரல் அது. "சாயந்தரம் கூப்பிடுவான். நீ பொய் சொல்ல வேணாம். உண்மையும் சொல்ல வேணாம். 'வந்துடுங்க'ன்னு மட்டும் சொல்லு. அவன் வரட்டும். சரக்கு வந்து இறங்கட்டும். குறை நிறையெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்."

"வந்ததும் முதல் வேலையா என் வயித்துல கை வைப்பாரு அத்தை. அப்ப என்ன சொல்ல?"

"கலைஞ்சுடுச்சுன்னு…" ஐஸ்காரம்மா பாதியில் நிறுத்திக்கொண்டாள். அவளுக்கே அது கசந்தது.

"இல்லாத குழந்தைக்கு அவரை அழ வைக்கணுமா?"

"பின்ன அவன் வராமலே போகட்டுமா? நாளைக்கு உனக்கு ஊசி போடறப்ப பக்கத்துல யாரு உட்காருவா? நானா? எனக்கு ரத்தத்தைப் பார்த்தா மயக்கம் வரும்!"

மருமகளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே கண்ணும் நிறைந்தது. அப்படி உட்கார்ந்திருக்கும்போது மாமியார் கை நீட்டி அவள் கையைப் பிடித்தாள். ஐஸ் பாரோடு பழகிய கை. ஆனாலும் அதைவிட மருமகளின் கைதான் சில்லென்றிருந்தது.

"சம்மதமா?"

மருமகள் தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா, பார்க்கலாம் என்றா என்று ஐஸ்காரம்மாவுக்குப் புரியவில்லை. வியாபாரத்தில் இந்த மாதிரி தலையாட்டலை அவள் ஆமாம் என்றே எடுத்துக்கொள்வது வழக்கம்.

*

மாலையில் பிளாண்ட்டுக்கு மேலே இருந்த கூடத்தில் இருவரும் போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கீழே தொட்டியிலிருந்து தகர அச்சுகள் சங்கிலியில் தூக்கப்படும் கடகட சத்தம். ஐஸ்காரம்மா ஜன்னலை அடைத்தாள், பிறகு புழுக்கம் என்று திறந்தாள், பிறகு கீழே குனிந்து, "யாராவது மிஷினைப் போட்டா கையை ஒடிப்பேன்!" என்று கத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். உடைக்கும் மிஷின்காரர் தன் வாழ்நாளில் முதல் தடவையாக வேலை செய்யாமல் இருக்கச் சொல்லித் திட்டு வாங்கினார்.

மருமகள் மதியம் முழுக்க 'வந்துடுங்க' என்ற சொல்லைச் சொல்லிப் பார்த்திருந்தாள். நல்ல சொல். அதில் பொய் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு அவன் விமானத்தில் உட்கார்ந்து என்னென்ன நினைப்பான் என்று யோசிக்கும்போதுதான் அது அவள் நாக்கில் கனத்தது. பெயர் வைப்பான். பொம்மை வாங்குவான். வாசலில் இறங்கியதும் அவன் கண் முதலில் எங்கே போகும்? அவள் முகத்துக்கு வராது.

போன் அடித்தது.

"அம்மாவா?"

"நான்தான்."

"என்ன சொன்னாங்க? சீக்கிரம் சொல்லு, இந்த சிம்ல காசு தீரப் போகுது." பின்னால் ஒரு பெரிய இரைச்சல், துறைமுகத்தில் கிரேன் ஓடிக்கொண்டிருந்தது. "பையைக் கட்டிட்டேன். எனக்குப் பதிலா வர்றவன் ஏணிக்குக் கீழேயே நிக்கிறான். நீ ஒரு வார்த்தை சொன்னா இறங்கிடுவேன்."

எதிரே ஐஸ்காரம்மா உதட்டைக் குவித்து, சத்தமில்லாமல், வந்து-டுங்-க என்று வாயசைத்தாள். கையை வேறு ஆட்டினாள், வேனைப் பின்னால் எடுக்கச் சொல்வதைப் போல.

"என்னம்மா, பேச மாட்டேங்கறே? நல்லா இருக்கியா?"

நல்லா இருக்கியா. அந்தக் கேள்வியை அவன் கேட்க ஆரம்பித்ததே இந்த ஒரு வாரமாகத்தான். யாரிடம் கேட்கிறான்? அவளிடமா, அவளுக்குள் இருப்பதாக அவன் நினைத்துக்கொண்டிருப்பதிடமா?

"குழந்தை இல்லைங்க" என்றாள்.

ஐஸ்காரம்மாவின் கை அந்தரத்தில் நின்றது. பிறகு மெதுவாக இறங்கி மடிக்கு வந்தது. கண்ணை மூடிக்கொண்டாள்.

கிரேன் இரைந்தது.

"அத்தை தப்பா நினைச்சுட்டாங்க. நானும் சொல்லல. ரத்தம்தான் ரொம்பக் குறைஞ்சுடுச்சாம். ரொம்ப நாளாப் போயிக்கிட்டே இருக்கு, நான்தான் யார்கிட்டயும் சொல்லல. நாளைக்கு ஊசி."

"அப்போ…" அவன் குரல் வறண்டிருந்தது. "அப்போ ஒண்ணும் இல்லையா?"

மூன்று வார்த்தை. பழையபடி மூன்றே வார்த்தை. மருமகள் எழுந்து நின்றாள். ஏன் எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. உட்கார்ந்துகொண்டு சொல்லக்கூடியதாக அது இல்லை. எழுந்த வேகத்தில் கண் இருட்டியது. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணும் இல்லைன்னு சொல்லாதீங்க. குழந்தைதான் இல்லை. நான் இருக்கேன். எனக்கு முடியல. எனக்காக வாங்க."

மூச்சு வாங்கியது. பதிலுக்குக் காத்திருந்தாள்.

பதில் வரவில்லை.

"ஹலோ?"

காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். திரை அணைந்திருந்தது.

ஐஸ்காரம்மா பாய்ந்து போனைப் பிடுங்கி அவனுக்கு அடித்தாள். இணைப்பில் இல்லை என்றது ஒரு பெண் குரல். மறுபடி அடித்தாள். அதே பெண். "நீ யாருடி நடுவுல!" என்று அவளையும் திட்டினாள். மருமகள் அதே வார்த்தைகளை எழுதி அனுப்பினாள். போய்ச் சேராமல், ஒற்றை டிக்கோடு அது அப்படியே நின்றது. கப்பல் இன்னும் கொஞ்ச நேரத்தில் கிளம்பிவிடும். அதற்குள் அவன் ஏணியில் இறங்க வேண்டும், இல்லை ஏணியைத் தூக்கிவிடுவார்கள்.

"வெச்சுட்டானா, கட் ஆயிடுச்சா?"

"தெரியல அத்தை."

"எது வரைக்கும் கேட்டான்?"

"தெரியல."

இவ்வளவு நேரம் மகனை வரவழைக்கப் பேரம் பேசியவள், மருமகளின் இரண்டு தோளையும் பிடித்து உட்காரவைத்தாள். அவளும் எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தாள். குரலில் கோபமே இல்லை.

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. பின்னாடி கிரேன் இரைஞ்சுதே, அது எது வரைக்கும் கேட்டுச்சு? 'குழந்தை இல்லை'ன்னு சொல்றப்ப இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"'நான் இருக்கேன்'னு சொன்னியே, அப்ப?"

மருமகள் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த நொடிக்குள் மறுபடி போய் நின்று, காதைக் கொடுத்துக் கேட்டாள். கிரேன் கேட்கிறதா, அவன் மூச்சு கேட்கிறதா என்று தேடினாள்.

எழுந்து நின்றதிலிருந்து அவளுக்குக் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தம். அது இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு, உலகத்தில் வேறு எதையும் உள்ளே விடவில்லை.